சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எழுதும் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் அமெரிக்க மாத இதழ்களைப் பற்றியது. மார்வெல், டிசி என்ற இரண்டு பெரிய நிறுவனங்களும், படைப்பாளிக்கே உரிமையை விட்டுத்தரும் இமேஜ் போன்ற பதிப்பகங்களும்தான் இந்தத் தொழிலின் களம். பிரிட்டனும் தமிழும் இதில் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. அவை அந்தந்த இடத்தில் வரும்.

படம் வரைவது ஓவியர். அப்படியானால் எழுத்தாளர் எழுதுவது வசனம் மட்டும்தானே?

வசனம் கடைசியில் வருவது. அதற்கு முன்னால் எந்தப் பக்கத்தில் எத்தனை கட்டம் (சட்டமிட்ட ஒவ்வொரு படமும் ஒரு கட்டம்), ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குத் தெரியவேண்டிய ஒரே செயல் என்ன, யார் எங்கே நிற்கிறார், எந்த இடத்தில் பக்கம் முடிகிறது என்பதையெல்லாம் முடிவுசெய்வது எழுத்தாளர். அவர் எழுதும் ஸ்கிரிப்ட் வாசகருக்குப் போவதில்லை. ஓவியர், மை தீட்டுபவர், வண்ணம் இடுபவர், எழுத்து அமைப்பவர், எடிட்டர் என ஐந்தாறு பேர் மட்டுமே படிக்கும் வேலைக் கடிதம் அது. அதில் அழகான வருணனை எழுதி யாரையும் மயக்க முடியாது. "அவன் மனத்தில் பத்தாண்டு வலி கனத்தது" என்று எழுதினால், அதை எப்படி வரைவது என்று ஓவியர் திரும்பக் கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஸ்கிரிப்ட் பார்க்க எப்படி இருக்கும்?

சினிமாத் திரைக்கதைக்கு இருப்பதுபோல எல்லோரும் ஏற்ற ஒரே வடிவம் காமிக்ஸுக்குக் கிடையாது. ஆனால் நடைமுறையில் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

பக்கம் 6 (நான்கு கட்டங்கள்)

கட்டம் 1. பக்கத்தின் முழு அகலம். மழை இரவு. உடைந்த பாலத்தின் விளிம்பில் ஒரு பள்ளிப் பேருந்து, முன்சக்கரங்கள் அந்தரத்தில். நாயகி பின்பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். அவள் பேருந்தைவிட மிகச் சிறியவளாகத் தெரியவேண்டும்.
நாயகி: யாரும் அசையாதீங்க.

கட்டம் 2. சிறிய கட்டம். அவள் காலணி, ஈரத் தார்ச்சாலையில் வழுக்குகிறது.
ஒலி: க்ர்ர்ர்க்

கட்டம் 3. பேருந்துக்குள். கடைசி இருக்கையில் ஒரு சிறுவன், கண்ணாடி வழியாக அவளைப் பார்க்கிறான்.
சிறுவன்: அக்கா, உங்க கை நடுங்குது.

கட்டம் 4. அவள் முகம், நெருக்கத்தில். பேச்சு இல்லை.

கவனிக்க: ஒவ்வொரு கட்டத்திலும் உறைந்த ஒரு கணம். அளவு முக்கியமான இடத்தில் மட்டும் அளவு சொல்லியாயிற்று. மற்றதை ஓவியருக்கு விட்டாயிற்று. பேசுபவர் பெயர், ஒலி, கதைசொல்லும் பெட்டி ஆகியவை தனித்தனி வரியில் வரவேண்டும். எழுத்து அமைப்பவர் அங்கிருந்துதான் நகலெடுத்து ஒட்டுவார். ஸ்கிரிப்டில் எழுத்துப்பிழை இருந்தால் அது பலூனுக்குள்ளும் (பாத்திரத்தின் பேச்சு வரும் வட்டம்) அப்படியே போய் உட்காரும்.

எவ்வளவு விரிவாக எழுதுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆலன் மூர் எழுதிய 'வாட்ச்மென்' முதல் இதழின் ஸ்கிரிப்ட் நெருக்கித் தட்டச்சடித்த 101 பக்கம் இருந்ததாக அதை வரைந்த டேவ் கிப்பன்ஸ் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்து நீங்களும் நூறு பக்கம் எழுத வேண்டாம். உங்கள் ஓவியர் யார் என்று தெரியாதபோது ஒரு கட்டத்துக்கு மூன்று நான்கு வரி போதும். அவரைத் தெரிந்துகொண்ட பிறகு அதையும் குறைக்கலாம்.

ஒரு இதழுக்கு எத்தனை பக்கம்? ஒரு பக்கத்துக்கு எத்தனை கட்டம், எத்தனை சொல்?

கதைக்கு 20 பக்கம். முன்பு 22 இருந்தது. டிசி 2011 தொடக்கத்தில் விலையைக் கட்டுப்படுத்துவதற்காக இரண்டு பக்கத்தை வெட்டியது. இன்று பெரிய நிறுவனங்களின் வழக்கமான இதழுக்கு 20தான் கணக்கு.

ஒரு பக்கத்துக்குச் சராசரி ஐந்து கட்டம் என்று வைத்தால் இதழுக்கு நூறு கட்டம். கதை முழுவதும் அந்த நூறு கணத்துக்குள் அடங்கவேண்டும். சண்டைக்கு ஆறு பக்கம் போனால் மீதி எழுபது. இந்த எண்ணிக்கையைத் தாளில் போட்டுப் பார்க்காமல் கதை யோசிப்பவர்கள்தான் பதினெட்டாம் பக்கத்தில் மூச்சுத்திணறி, கடைசி இரண்டு பக்கத்தில் வில்லனை நிற்கவைத்து எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லவைக்கிறார்கள்.

சொல்லுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. டிசியில் சூப்பர்மேன் இதழ்களைக் கவனித்த எடிட்டர் மார்ட் வைசிங்கர் வகுத்தது: பக்கத்துக்கு ஆறு கட்டம், கட்டத்துக்கு 35 சொல், ஆக 210 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. ஒரு பலூனுக்கு 25 சொல் மேல்வரம்பு. இன்றைய வாசகருக்கு இதுவே அதிகம். பலர் பக்கத்துக்கு நூறு சொல்லைக் கூடத் தொடுவதில்லை. இவை ஆங்கிலச் சொல் கணக்கு என்பதை மறக்கவேண்டாம். தமிழ்ச் சொல் நீளமானது. அதே பலூனில் பதினைந்து தமிழ்ச் சொல் வைத்தாலே விளிம்பை முட்டும். அமெரிக்க, ஐரோப்பியக் கதைகளைத் தமிழாக்குபவர்கள் இதோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறார்கள்.

பக்கம் திருப்பும் இடத்தை ஏன் எல்லோரும் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

காகிதத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் வரும், இரட்டைப்படை இடப்புறம். வாசகர் தாளைத் திருப்பியதும் முதலில் படுவது இரட்டைப்படைப் பக்கம். இறந்ததாக நினைத்தவர் உயிரோடு நிற்கும் காட்சியை ஏழாம் பக்கத்தில் வைத்தால், ஆறாம் பக்கத்தின் முதல் கட்டத்தைப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். அதை எட்டில் வைக்கவேண்டும். ஏழின் கடைசிக் கட்டத்தில் யாரோ கதவைத் தட்டட்டும்.

இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரியும் பெரிய படம் வேண்டுமென்றால் அது இரட்டைப்படையில்தான் தொடங்கமுடியும்: 2-3, 4-5, 14-15. "பக்கம் 9-10 விரிபடம்" என்று எழுதிய ஸ்கிரிப்டைப் பார்த்தவுடனேயே எழுதியவர் அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துப் பக்கம் எண்ணிப் பார்க்கவில்லை என்பது எடிட்டருக்குத் தெரிந்துவிடும். விளம்பரப் பக்கங்கள் நடுவில் புகுந்தால் இந்தக் கணக்கு நகரும். விளம்பரம் எங்கே விழும் என்பதை எடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

புதியவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடங்கள் எவை?

முதலாவது, ஒரே கட்டத்தில் பல செயல். "அவள் கதவைத் திறந்து, உள்ளே பாய்ந்து, துப்பாக்கியைப் பிடுங்கி வெளியே எறிகிறாள்" என்பது நான்கு கட்டம். ஓவியர் அதில் ஒன்றைத்தான் வரையமுடியும். எதை வரைவது என்ற முடிவை அவர் எடுத்தால், அது நீங்கள் நினைத்ததாக இருக்காது.

இரண்டாவது, பேச்சின் வரிசை. ஆங்கிலக் காமிக்ஸ் இடமிருந்து வலமாகப் படிக்கப்படுவது. முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்கவேண்டும். இல்லையென்றால் பலூனின் வால்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும். ஒரே கட்டத்தில் நான்கு பேர் மாறி மாறிப் பேசினால் அந்தக் கட்டத்தில் முகத்துக்கு இடம் மிஞ்சாது.

படம் சொல்வதையே எழுத்தும் சொல்வது இன்னொன்று. சுவரை உடைத்துக்கொண்டு நாயகன் வருகிறான். மேலே பெட்டியில் "அவன் சுவரை உடைத்தான்" என்று எழுதியிருக்கும். 1940களில் அச்சும் ஓவியமும் தெளிவில்லாத காலத்தில் அது தேவைப்பட்டது. இப்போது அந்தப் பெட்டி வேறு ஒன்றைச் சொல்லவேண்டும், அல்லது காணாமல் போகவேண்டும்.

ஓவியருடைய கையை நினைத்துப்பார்க்காமல் எழுதுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஐயாயிரம் பேர் கூட்டம், ஒவ்வொருவர் முகத்திலும் அச்சம்" என்று தட்டச்சடிக்கப் பத்து விநாடி ஆகும். வரைய இரண்டு நாள். இதழுக்கு அப்படி ஒன்றோ இரண்டோ கேட்கலாம். கேட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை இலகுவாக வைப்பது மரியாதை.

இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து, ஸ்கிரிப்டை அனுப்பும் முன் குச்சி மனிதர்களை வைத்து நீங்களே சிறு பெட்டிகளில் வரைந்துபார்ப்பது. அசிங்கமாக இருக்கட்டும், யாருக்கும் காட்டவேண்டாம். ஆறு பெட்டி ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை என்பதை அந்தக் கிறுக்கல் சொல்லிவிடும்.

'மார்வெல் முறை' என்றால் என்ன? இப்போதும் இருக்கிறதா?

1960களில் ஸ்டான் லீ ஒரே நேரத்தில் பல இதழ்களை எழுதவேண்டியிருந்தது. முழு ஸ்கிரிப்ட் எழுத நேரமில்லை. கதையின் சுருக்கத்தை மட்டும் பேசியோ ஓரிரு பக்கம் எழுதியோ ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ போன்ற ஓவியர்களிடம் கொடுப்பார். அவர்கள் முழு இதழையும் காட்சிகளாகப் பிரித்து வரைந்து வருவார்கள். லீ வரைந்த பக்கங்களின்மேல் வசனம் எழுதுவார்.

இதனால் படங்களுக்கு வேகம் கிடைத்தது. கதையை யார் எழுதியது என்ற சண்டையும் கிடைத்தது. காட்சியையும் திருப்பத்தையும் கற்பனைசெய்தவர் ஓவியர், 'எழுத்து' என்று பெயர் போட்டுக்கொண்டவர் லீ. டிட்கோவுக்குக் கதைக்கான பெயர் பின்னால்தான் ஸ்பைடர்மேன் இதழில் அச்சானது. 1966இல் அவர் விலகினார். கிர்பி 1970இல் போனார். கிர்பி குடும்பத்துக்கும் மார்வெலுக்கும் நடந்த வழக்கு 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது.

இன்று பெரும்பாலும் முழு ஸ்கிரிப்ட்தான். ஆனால் அந்த முறையின் ஒரு துண்டு எல்லோரிடமும் தங்கியிருக்கிறது. பல மாதம் சேர்ந்து வேலைசெய்த ஓவியரிடம் "பக்கம் 10 முதல் 13 வரை சண்டை, கடைசியில் முகமூடி கிழியவேண்டும், மற்றது உங்கள் இஷ்டம்" என்று எழுதுபவர்கள் உண்டு. ஓவியருக்கு அது பிடிக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்குக் கொண்டாட்டம், சிலருக்குக் கூடுதல் சுமை.

ஒரு இதழ் கடைக்கு வர எவ்வளவு காலம் ஆகும்?

ஓவியர் நாளுக்கு ஒரு பக்கம் முடித்தால் அதுவே நல்ல வேகம். 20 பக்கத்துக்கு வேலைநாட்களில் நான்கு வாரம். அதன்பின் மை, வண்ணம், எழுத்து, அச்சு. எழுத்தாளர் ஒரு ஸ்கிரிப்டை ஒன்றிரண்டு வாரத்தில் முடிக்கலாம், ஆனால் அது கடைக்கு வருவதற்கு நான்கைந்து மாதம் முன்பே கையைவிட்டுப் போயிருக்கவேண்டும். முதல் இதழ் வெளிவரும் நாளில் நீங்கள் ஐந்தாவதையோ ஆறாவதையோ எழுதிக்கொண்டிருப்பீர்கள். வாசகர் கருத்தைக் கேட்டுக் கதையை மாற்றலாம் என்று நினைத்தால், அந்த மாற்றம் அரை ஆண்டு கழித்துத்தான் அச்சில் தெரியும்.

நடுவில் வரும் ஒரு வேலையைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். பலூன் எல்லாம் ஒட்டிய பக்கங்கள் எழுத்தாளரிடம் ஒருமுறை திரும்பி வரும். ஓவியர் ஒரு முகபாவத்திலேயே விஷயத்தைச் சொல்லியிருப்பார்; அங்கே நீங்கள் எழுதிய மூன்று பலூனும் இப்போது உபரி. வெட்டுங்கள். நல்ல வசனத்தின் பாதி இந்த நிலையில் நீக்குவதால் வருவது. பெரும்பாலும் ஓரிரு நாள் அவகாசம்தான் கிடைக்கும். அதற்குள் திருத்தாவிட்டால் அப்படியே அச்சுக்குப் போகும்.

மார்வெலுக்கோ டிசிக்கோ என் கதையை நேரடியாக அனுப்பலாமா?

கூடாது. கேட்காமல் வரும் கதைகளை அவர்கள் பிரித்துப் படிப்பதில்லை. ஆணவம் காரணமல்ல, வழக்கு பயம். நீங்கள் அனுப்பிய கதையைப் போன்ற ஒன்று இரண்டு ஆண்டு கழித்துத் தற்செயலாக வெளிவந்தால் திருட்டு என்று நீதிமன்றம் போவீர்கள். படிக்காமலே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஸ்பைடர்மேனுக்காக நீங்கள் எழுதிய ஐம்பது இதழ்த் திட்டம் யாருக்கும் பயன்படாது. விற்கமுடியாத ஒரே சரக்கு, இன்னொருவருக்குச் சொந்தமான நாயகனைப் பற்றிய உங்கள் கதை.

ஜிம் ஷூட்டர் 14 வயதிலேயே டிசியில் கதை அச்சேறக் கண்டார் என்பதைப் பலர் சுட்டிக்காட்டுவார்கள். உண்மைதான், 1966இல். அவரும் ஸ்கிரிப்டை மட்டும் அனுப்பவில்லை, பக்கங்களை வரைந்தே அனுப்பினார். அந்தக் கதவு மூடி வெகுகாலம் ஆகிவிட்டது.

பிறகு எப்படித்தான் உள்ளே போகிறார்கள்?

வேறெங்கோ எழுதி, அச்சான புத்தகத்தைக் காட்டி. ஓவியரின் திறமையை ஒரு எடிட்டர் முப்பது விநாடியில் எடைபோட்டுவிடலாம். எழுத்தாளரை எடைபோட உட்கார்ந்து படிக்கவேண்டும். தட்டச்சு ஸ்கிரிப்டைப் படிக்க யாருக்கும் நேரமில்லை, வரைந்து முடித்த எட்டுப் பக்கக் காமிக்ஸைப் படிக்க நேரம் இருக்கும்.

வந்த வழிகளோ பலவிதம். கெயில் சிமோன் ஆரிகன் மாநிலத்தில் முடிதிருத்தும் கலைஞராக இருந்தவர். இணையத்தில் எழுதிய நகைச்சுவைப் பத்தி அவரைக் கொண்டுவந்தது. கெல்லி சூ டிகானிக் பல ஆண்டுகள் ஜப்பானிய காமிக்ஸான மாங்காக்களின் ஆங்கில வசனத்தைச் செப்பனிட்டவர். அதன்பின்தான் 2012இல் கேப்டன் மார்வெல். டாம் கிங் சிஐஏவில் இருந்தவர், முதலில் ஒரு நாவல் எழுதினார். மும்பையிலிருந்து லண்டன் போன ராம் வி, கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் வாசகர்களிடம் பணம் திரட்டி ஒரு தொகுப்பை வெளியிட்டு, சிறு பதிப்பகங்கள் வழியாக ஏறி, டிசியில் பேட்மேன் வரும் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' வரை போனார். பொதுவாகத் தெரிவது ஒன்றுதான்: யாரும் பெரிய நிறுவனங்களின் சூப்பர் ஹீரோ இதழில் எழுதித் தொடங்கவில்லை.

பிரிட்டனில் ஒரு நல்ல பயிற்சிக்கூடம் உண்டு. '2000 ஏடி' வார இதழ் 'ஃபியூச்சர் ஷாக்ஸ்' என்ற தலைப்பில் நான்கைந்து பக்க அறிவியல் புனைகதைகளைப் புதியவர்களிடமிருந்து வாங்கும். கடைசியில் ஒரு திருப்பம் வேண்டும், தொடர்ச்சி கூடாது. ஆலன் மூர், கிராண்ட் மாரிசன் போன்றவர்கள் அங்கே கைபழகியவர்கள். எப்போது கதை பெறுகிறார்கள் என்பதை அவர்கள் அறிவிப்பில் பார்த்து அனுப்பவேண்டும்.

எனக்கு வரையத் தெரியாது. ஓவியரை எப்படிப் பிடிப்பது? பணம் தரவேண்டுமா?

தரவேண்டும். "புத்தகம் விற்றால் பாதி பாதி" என்பது ஓவியருக்கு நியாயமான பேரமல்ல. நீங்கள் இரண்டு வாரம் எழுதியதை அவர் ஒரு மாதம் வரைகிறார், அந்த மாதம் அவருக்கு வேறு வருமானம் இல்லை. பணமே இல்லையென்றால் பக்கத்தைக் குறையுங்கள். நான்கு பக்கக் கதைக்கு ஊதியம் கொடுத்து முடிப்பது, நூறு பக்கக் காவியத்தை ஓசியில் தொடங்கிப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓவியர் காணாமல் போவதைவிட மேல். பாதி வழியில் நின்றுபோன காமிக்ஸுகளில் பெரும்பகுதி இப்படித்தான் நின்றது.

வேலை தொடங்கும் முன் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்: பக்கத்துக்கு எவ்வளவு, எத்தனை தவணை, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், நாயகனின் உரிமை யாருக்கு எத்தனை சதவீதம், அசல் ஓவியம் யாருக்கு. நண்பர்தானே என்று விட்டதால் நீதிமன்றம் வரை போனவர்கள் இந்தத் துறையில் நிறைய.

எழுத்து அமைப்பவருக்கும் காசு ஒதுக்குங்கள். நல்ல ஓவியத்தின்மேல் மோசமான எழுத்துருவில் பலூன் ஒட்டினால் முழுப் புத்தகமும் கத்துக்குட்டி வேலையாகத் தெரியும்.

பதிப்பகத்துக்கு அனுப்பும் முன்மொழிவில் என்னென்ன வேண்டும்?

இரண்டே வாக்கியத்தில் கதை. ஒரு பக்கத்தில் முழுச் சுருக்கம், முடிவையும் சேர்த்து. எடிட்டரிடம் முடிவை மறைத்து ஆவலைத் தூண்டுவது பிழை. முடிவு இல்லாத கதையை வாங்க அவருக்குத் தைரியம் வராது. முக்கியப் பாத்திரங்களுக்குத் தலா மூன்று வரி. மொத்தம் எத்தனை இதழ் என்ற எண். ஐந்து பக்கமாவது வரைந்து, எழுத்துப் பதித்து முடித்த மாதிரி. கூடவே ஓர் அட்டை.

இருநூறு பக்க உலக வரலாறு வேண்டாம். அதை வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பாதீர்கள்.

எடிட்டர் கதையை எவ்வளவு மாற்றுவார்?

சொந்தக் கதையில் குறைவு, நிறுவனத்தின் நாயகனில் நிறைய. வேறு மூன்று இதழ்களிலும் அதே நாயகன் வருவான். அங்கே அவனுக்குக் கை முறிந்திருந்தால் இங்கேயும் கட்டுப் போடவேண்டும். ஆண்டுக்கொருமுறை எல்லா இதழ்களையும் இழுத்துக்கொள்ளும் பெருநிகழ்வு வரும்; உங்கள் அமைதியான குடும்பக் கதையின் நான்காம் இதழில் திடீரென்று வேற்றுக்கிரகப் படையெடுப்பு நுழையும். இதைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் நெடுங்கதையை ஐந்தாறு இதழ்த் துண்டுகளாகவே வைத்துக்கொள்வார்கள். ஒரு துண்டு முடிந்தால் தனிப் புத்தகமாகத் தொகுக்கவும் வசதி, நடுவில் யாராவது இடித்தாலும் தாங்கும்.

ஊதியம் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பக்கத்துக்கு இவ்வளவு என்று. மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எதுவும் கிடையாது. கணக்குக்காகப் பக்கத்துக்கு 100 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு இதழுக்கு 2,000 டாலர். மாதம் ஒரே ஒரு இதழ் எழுதினால் ஆண்டுக்கு 24,000. அமெரிக்க நகரங்களில் அதில் தனியாள் வாழ்வதே திண்டாட்டம், வரியும் காப்பீடும் வேறு. எனவேதான் முழுநேரமாக இருப்பவர்கள் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று தொடர்களை எழுதுகிறார்கள், அல்லது தொலைக்காட்சி, வீடியோ கேம் வேலை பார்க்கிறார்கள்.

பக்க ஊதியத்துக்கு மேல் ராயல்டி, அதாவது விற்பனையில் பங்கு, உண்டு, ஆனால் விற்பனை ஓர் அளவைத் தாண்டினால்தான். டிசி 1981இல் இதைத் தொடங்கியபோது எல்லை ஒரு லட்சம் பிரதி. 1960களின் இறுதியில் டிசிக்காகப் பல ஆண்டு உழைத்த எழுத்தாளர்கள் சிலர் சேர்ந்து காப்பீடும் ஓய்வூதியமும் கேட்டபோது, கேட்டவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை வருவது நின்றது. முதுமையில் கைவிடப்பட்ட படைப்பாளிகளுக்கு உதவ 2000இல் 'ஹீரோ இனிஷியேட்டிவ்' என்ற அறக்கட்டளை ஏற்பட வேண்டியிருந்ததே துறையின் நிலையைச் சொல்லும்.

நான் உருவாக்கும் பாத்திரம் யாருக்குச் சொந்தம்?

இந்தத் தொழிலில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது.

மார்வெல், டிசியில் நீங்கள் கையெழுத்திடுவது 'கூலிக்குச் செய்த படைப்பு' என்ற ஒப்பந்தம். 1978 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, அத்தகைய படைப்பின் சட்டப்பூர்வ ஆசிரியரே நிறுவனம்தான். நீங்கள் விற்றீர்கள் என்றுகூடச் சொல்லமுடியாது. ஒருபோதும் உங்களுடையதாக இருந்ததே இல்லை. அட்டையில் பெயர் வரும், அவ்வளவுதான்.

முன்பு அதுவும் உறுதியில்லை. 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனின் முதல் 13 பக்கத்தையும் முழு உரிமையையும் 130 டாலருக்குக் கொடுத்தார்கள். அந்தக் காசோலைத் தாள் மட்டும் 2012 ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது. அவர்களுக்கு ஆண்டு உதவித்தொகையும், இடையில் எடுக்கப்பட்ட பெயரும் கிடைத்தது 1975இல், நிறுவனத்துக்கு அவமானமாகும்படி பத்திரிகைகளில் பேசப்பட்ட பிறகு. பேட்மேனின் உடை, பின்கதை, கோதம் நகரம் ஆகியவற்றில் பெரும்பங்கு பில் ஃபிங்கருடையது. ஒப்பந்தம் பாப் கேன் பெயரில் இருந்தது. ஃபிங்கர் 1974இல் இறந்தார், பெயர் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 2015இல்.

இன்றைய ஒப்பந்தங்களில், புதிதாக உருவாக்கும் பாத்திரம் சினிமாவிலோ பொம்மையிலோ வந்தால் சிறு பங்கு தரும் பிரிவு இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், படித்துப் பாருங்கள். 'விண்டர் சோல்ஜர்' பாத்திரத்தை உருவாக்கிய எட் புரூபேக்கர், அதற்காகக் கிடைத்ததைவிட அந்தப் பாத்திரம் வரும் சினிமாவில் ஒரு நொடி தலைகாட்டியதற்கு நடிகர் சங்க விதிப்படி வந்த தொகை அதிகம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

மாற்று வழி இமேஜ். 1992இல் மார்வெலை விட்டு வந்த ஏழு ஓவியர்கள் தொடங்கியது. உரிமை முழுக்கப் படைப்பாளியுடையது. பதிப்பகம் இதழுக்கு ஒரு நிலையான கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனால் முன்பணம் கிடையாது. ஓவியருக்கும் வண்ணத்துக்கும் காசு உங்கள் பையிலிருந்து போகும், விற்றால் திரும்பி வரும். ராபர்ட் கிர்க்மன் 2003இல் அங்கே தொடங்கிய 'இன்வின்சிபிள்' 144 இதழ் ஓடி, 2021இல் தொலைக்காட்சித் தொடரானது. அப்படி ஒன்று வெல்லும்போது பல தொடர்கள் நான்காம் இதழோடு சத்தமில்லாமல் நின்றுவிடுகின்றன.

பெரும்பாலோர் இரண்டிலும் கால் வைக்கிறார்கள். பெரிய நிறுவனத்தில் எழுதிப் பெயர் சம்பாதிப்பது, அந்த வாசகரைச் சொந்தக் கதைக்கு அழைத்துவருவது. இதில் ஒரு எச்சரிக்கை மட்டும்: உங்களிடம் உள்ள மிகச் சிறந்த புதுப் பாத்திரத்தை நிறுவனத்தின் இதழில் செலவழிக்காதீர்கள்.

தொடரை எப்போது, எதை வைத்து நிறுத்துகிறார்கள்?

கடைக்காரர் ஆர்டரை வைத்து. காமிக்ஸ் கடைகள் திருப்பித்தர முடியாத கணக்கில் வாங்குகின்றன. விற்காதது அவர்கள் தலையில். இரண்டு மூன்று மாதம் முன்பே ஆர்டர் கொடுக்கிறார்கள், வெளியாவதற்குச் சில வாரம் முன்புவரை எண்ணிக்கையை மாற்றலாம். ஆக முதல் இதழ் வாசகர் கைக்கு வரும் முன்பே இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஆர்டர் போய்விடுகிறது. முதல் இதழை ஆவலில் கூடுதலாக வாங்குவார்கள், இரண்டாவதில் கடுமையாகக் குறைப்பார்கள். இந்தச் சரிவு எல்லாத் தொடருக்கும் உண்டு. பிறகு எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதே ஆயுளை முடிவுசெய்யும். எடிட்டர் தொலைபேசியில் "எட்டாம் இதழில் முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது நீங்கள் ஏழாவதை எழுதிக்கொண்டிருப்பீர்கள். எனவே எந்த இதழிலும் முடிக்கக்கூடிய ஒரு கதவைத் திறந்தே வைத்திருங்கள்.

தமிழில் நாம் படித்த நாயகர்களை எழுதியது யார்?

முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவியும், லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் அமெரிக்கச் சரக்கல்ல, பிரிட்டனின் வார இதழ்களில் வந்தவை. அந்த இதழ்கள் எழுத்தாளர் பெயரை அச்சிடுவதில்லை. மாயாவியை எழுதியவர்கள் கென் பல்மரும் அவருக்குப் பின் டாம் டல்லியும். ஸ்பைடரின் முதல் இரண்டு கதைகளை டெட் கவன் எழுதினார். அதன்பிறகு எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய அதே ஜெர்ரி சீகல். உரிமைக்காக டிசியோடு மோதி அங்கே வேலை இல்லாமல் போன 1960களில், அட்லாண்டிக்கின் மறுபக்கத்துக்குப் பெயரில்லாமல் எழுதிக்கொடுத்தார். சிவகாசியில் அச்சாகி இங்கே பெட்டிக்கடைகளில் தொங்கிய ஸ்பைடரின் அகம்பாவப் பேச்சுக்குப் பின்னால் இருந்தது அவர் பேனா.

இந்தியாவில் இருந்துகொண்டே அமெரிக்கப் பதிப்பகத்துக்கு எழுதமுடியுமா?

முடியும். எழுத்தாளர், ஓவியர், வண்ணக்காரர் மூவரும் மூன்று கண்டத்தில் இருப்பது இப்போது சாதாரணம். ஆங்கிலம் மட்டும் பேச்சு வழக்கின் அளவுக்குக் கைவரவேண்டும். புரூக்ளின் பையன் பாடப்புத்தக ஆங்கிலம் பேசினால் எடிட்டர் மூன்றாம் பலூனில் நிறுத்திவிடுவார். ஸ்கிரிப்டின் விளக்கப் பகுதி எளிமையாக இருந்தால் போதும், வசனத்தில்தான் சோதனை.

பணம் வரும் முன் டபிள்யூ-8பிஇஎன் என்ற படிவத்தைக் கேட்பார்கள். நீங்கள் அமெரிக்காவில் வசிக்காதவர், இந்தியாவில் வரி கட்டுபவர் என்று அறிவிக்கும் தாள் அது; பான் எண்ணை அதில் குறிக்கவேண்டும். தராவிட்டால் ராயல்டி போன்ற தொகையில் 30 சதவீதம் வரை அங்கேயே பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. இரு நாட்டு வரி உடன்பாட்டைப் படிவத்தில் சுட்டினால் அது குறையும். அங்கே பிடித்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொண்டால் இங்கே வரிக் கணக்கில் கழிக்கலாம். கையெழுத்திடும் நேரத்தில் ஒரு பட்டயக் கணக்காளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். உரிமைப் பிரிவுகளை ஒரு வழக்கறிஞரிடம்.